பெண்சாதி வசம்

என் தாத்தா ஒரு வழக்கில் ஆறு மாதம் கடுங்காவல் தண்டனை அனுபவித்தவர். விடுதலையாகி வந்த ஓராண்டுக்குள் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு பெரிய தோட்டத்துக்குக் காவல்காரர். அந்தத் தோட்டத்தின் உரிமையாளர்தான் அவருக்கு எதிரான வழக்கில் முதல் சாட்சி. எங்கள் வீட்டில் இதைச் சிரிப்புக் கதையாகவே சொல்லிவந்தார்கள். திருடன் கையில் சாவி கொடுத்த கதை என்று சித்தப்பாக்கள் தொடையைத் தட்டிக்கொண்டு சொல்வார்கள். அந்த முதலாளி ஏமாளி என்பார் ஒருவர், பயந்தவர் என்பார் இன்னொருவர். அப்பத்தா இந்தக் கதையில் எங்கும் வர மாட்டார். சொல்லும்போது அவர் அடுப்படியில் இருந்திருப்பார்.

ஆய்வுப் பட்டத்துக்காக வேறொரு தலைப்பில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த நாட்களில்தான் இந்தக் கதை எனக்குள் உறுத்த ஆரம்பித்தது. தண்டனை பெற்ற ஒருவரை, அவரால் இழப்பு அடைந்தவரே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது ஏன்? இதற்குச் சிரிப்பு போதுமான பதிலாக இல்லை.

முதல் பதில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே இருந்தது. மேல்முறையீட்டுக்காக வாங்கப்பட்டு, மேல்முறையீடு செய்யப்படாமலே போன தீர்ப்பு நகல் ஒன்று. ஆங்கிலத்தில், கோணல் கையெழுத்தில், மடிப்புகளில் கிழிந்த நான்கு பக்கம். எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் எழுபது ஆண்டுகளாக இல்லை. திருட்டு வழக்கு என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 379 இருக்க வேண்டும். வீடு புகுந்த வழக்கு என்றால் 457. இதில் இருந்ததோ 215.

215 என்பது பலருக்குத் தெரியாத பிரிவு. களவுபோன பொருளை மீட்டுத் தருவதாகச் சொல்லி, அதற்காகக் கூலி வாங்குவது குற்றம் என்றது அது. களவாடியவரைப் பிடித்துக்கொடுக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்திருந்தால் மட்டுமே தப்ப முடியும். அதாவது மாட்டைக் கொண்டுவந்து விட்டால் போதாது, ஆளையும் காட்ட வேண்டும். தாத்தா மாட்டைக் கொண்டுவந்து விட்டார். ஆளைக் காட்டவில்லை.

தீர்ப்பிலிருந்து தெரிவது இவ்வளவு. இரண்டு காளைகள் காணாமல் போயிருக்கின்றன. உரிமையாளர் தாத்தாவிடம் சொல்லியனுப்புகிறார். முப்பது ரூபாய் கைமாறுகிறது. மூன்றாம் நாள் காலை காளைகள் ஓடைக் கரையில் கட்டிக் கிடக்கின்றன. புகார் கொடுத்தவர் உரிமையாளர் அல்ல, கிராம முன்சீப். குறுக்கு விசாரணையில் உரிமையாளர், தனக்கு இவர்மேல் வருத்தம் எதுவும் இல்லை, மாடு வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். மாஜிஸ்டிரேட் அதை எரிச்சலோடு பதிவு செய்துவிட்டு ஆறு மாதம் எழுதியிருக்கிறார்.

அந்த முப்பது ரூபாய்க்கு எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. துப்புக்கூலி. உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் வட்டாரத்தில் பிறமலைக் கள்ளர்கள் ஊர்க்காவல் உரிமை வைத்திருந்தார்கள். ஊருக்கு, வயலுக்கு, மாட்டுக்குக் காவல். அதற்குக் கூலியாக அறுவடையில் தானியம். காவலில் இருக்கும் ஊரில் பொருள் களவுபோனால் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் ஈடு தர வேண்டும். காவல் வைத்துக்கொள்ளாத ஊரில் களவுபோனால் துப்புக்கூலி கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும். அது பொருளின் மதிப்பில் பாதிவரைகூடப் போகும். 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கசட்டியரில் பிரான்சிஸ் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இன்று எங்கள் ஆட்கள் சிலர் எழுதும் வரலாறுகளில் காவல் என்பது வீரமும் நேர்மையும் நிறைந்த ஒரு பொற்காலமாக வருகிறது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. காவல் வைக்காவிட்டால் களவு நடக்கும் என்ற அச்சத்தின்மேல்தான் அந்தக் கூலி நின்றது. 1896-இல் திண்டுக்கல் பக்கம் ஊர்கள் ஒன்றுசேர்ந்து, நிதி திரட்டி, கள்ளர் காவலே வேண்டாம் என்று விரட்டியதற்குக் காரணம் இருந்தது. ‘பண்டு’ என்று அந்தக் கிளர்ச்சிக்குப் பெயர். அதே சமயம், காவல் வெறும் மிரட்டல் மட்டும் அல்ல. கணக்கும் எல்லையும் பொறுப்பும் உள்ள ஒரு வேலை. களவுபோன மாட்டைப் பற்றிப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் தாள் கிடைக்கும். துப்புக்கூலி கொடுத்தால் மாடு கிடைக்கும். தோட்டக்காரர் ஏமாளியும் இல்லை, பயந்தவரும் இல்லை. தன் காளைகளை மூன்றே நாளில் மீட்டுத் தந்த ஆளைத்தான் அவர் வேலைக்கு வைத்தார். அரசாங்கம் குற்றம் என்று எழுதியது அவருக்குத் தகுதிச் சான்றிதழ்.

இதோடு என் தேடல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இன்னொரு கேள்வி குறுக்கே வந்து நின்றது.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் வட இந்தியாவுக்காக வந்தது. 1911-இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. 1914-இல் கீழக்குடிக் கள்ளர்கள்மேல் ஏவப்பட்டு, 1918-இல் பிறமலைக் கள்ளர் முழுவதையும் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். வயதுவந்த ஆண்கள் பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். வெளியூர் போனால் சீட்டு வாங்க வேண்டும். இரவில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். கல்யாணமான மறுநாளும் சாவடியில் படுத்த மாப்பிள்ளைகளைப் பற்றிய கதைகள் எங்கள் ஊர்களில் ஏராளம். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்தை எதிர்த்து நின்றார். அவரை எங்கள் மக்கள் ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்த குடும்பங்களும் உண்டு.

பஞ்சாயத்து அமைத்துப் பொறுப்பேற்றுக்கொண்ட ஊர்களில் சிலருக்கு இரவுப் படுக்கையிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஆனால் கோர்ட்டில் தண்டனை பெற்ற ஒருவருக்கு அது எளிதில் வாய்க்காது. தாத்தாவுக்கு வாய்க்கவில்லை. பல ஆண்டுகள் ராத்திரிதோறும் சாவடியில் படுத்தார் என்பதை அவர் வயதொத்த எல்லோருமே சொல்லியிருக்கிறார்கள்.

அப்படியானால் தோட்டத்துக்கு ராத்திரிக் காவல் இருந்தது யார்?

சித்தப்பாக்களிடம் கேட்டேன். ஒருவர், அவர் பெயரைச் சொன்னாலே போதும், எவன் வருவான் என்றார். அதில் உண்மை உண்டு. காவல் என்பது ஓர் ஆள் முழித்திருப்பது மட்டுமில்லை, இந்தத் தோட்டம் இன்னாருடைய காவலில் இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருப்பதும்தான். ஆனால் அது நிலக்கடலைத் தோட்டம். கடலைக்கு மனிதத் திருடரைவிட நரியும் பன்றியும்தான் எதிரி. பன்றிக்கு யார் பெயரும் தெரியாது.

தோட்டக்காரர் குடும்பத்தின் பழைய சிட்டைகள் அவர்கள் வீட்டு மாடியில் இருந்தன. குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் எங்கும் எழுதக் கூடாது என்ற நிபந்தனையோடு பார்க்க விட்டார்கள். யுவ வருஷத்திலிருந்து, அதாவது 1935-லிருந்து, சர்வதாரி வருஷம் வரை. நடுவே இரண்டு ஆண்டுகளைக் கரையான் தின்றிருந்தது. விதை, உரம், கமலை வடம், கோவில் வரி, கூலி என்று நாள்வாரியாக எழுதப்பட்ட நீளவாக்கு நோட்டுகள். மூன்று வாரம் அந்த மாடியில் உட்கார்ந்து படித்தேன். தும்மல்தான் பெரிய தொந்தரவு.

மாதாமாதம் காவல் கூலி வருகிறது. தாத்தாவின் பெயர். கேழ்வரகு அல்லது சோளம், இரண்டு மரக்கால். அதற்கடுத்து இரண்டு சொற்கள். பெண்சாதி வசம்.

முதல் தடவை கடந்துபோய்விடக்கூடிய சொற்கள்தான். கூலி அவருடையது, வாங்கிப்போனது மனைவி, அவ்வளவே. மற்ற ஆட்களின் கணக்கிலும் ‘மகன் வசம்’, ‘பெண்சாதி வசம்’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் அவர்களுக்கு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ, காய்ச்சல் கண்ட மாதம், திருவிழாவுக்குப் போன மாதம். தாத்தாவின் பெயருக்கு எதிரே மட்டும் மாதம் தவறாமல், வருஷம் தவறாமல். கணக்குப்பிள்ளை மாறியிருக்கிறார், கையெழுத்து மாறியிருக்கிறது, இந்த இரண்டு சொற்கள் மாறவில்லை. ஐப்பசியில் தீபாவளிக்குக் கொடுத்தவை தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. தாத்தா பெயருக்கு வேட்டி 1, துண்டு 1. சேலை என்று ஒரு வருஷம்கூட இல்லை.

இந்தச் சிட்டையின் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். அப்பாவின் மூத்த சகோதரி, எண்பதைத் தாண்டியவர். படத்தை அவர் பார்க்கவில்லை. கண் தெரியாது. படித்துக் காட்டினேன்.

“ஆமா, விடியக்காலையில காவல் முடிஞ்சு எறங்குறப்பதான் அளந்து போடுவாக. ஒங்க தாத்தா அந்நேரத்துக்குச் சாவடியிலல்ல கெடப்பாரு?” என்றார், நான் ஏதோ தெரிந்த விஷயத்தைக் கேட்டுவிட்டதுபோல.

“அப்ப காவல் காத்தது அப்பத்தாவா, அத்தை?”

“பின்ன யாரு தாயி? பேரு அவரோடது. கண்ணு முழிச்சது ஆத்தா.”

அன்று மாலை முழுவதும் அத்தை பேசினார். தோட்டத்தின் நடுவில் புளியமரத்தை ஒட்டிப் பரண். கைக்குழந்தைக்குப் பரணிலேயே தொட்டில். அத்தையும் ஐந்து வயதிலிருந்து கூடப் போயிருக்கிறார், குழந்தையை ஆட்ட. பன்றி வந்தால் தகரத்தைத் தட்ட வேண்டும். நரிக்கு கவண். அப்பத்தா தாத்தாவின் துப்பட்டியைப் போர்த்தி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் கம்போடு வரப்பில் ஒரு சுற்று வருவாராம். தூரத்திலிருந்து பார்த்தால் ஆம்பளை மாதிரி இருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்துக் காட்டவும் பழகியிருந்தார். அந்தக் கனைப்பை அத்தை எனக்குச் செய்து காட்டினார். எண்பது வயதுக் குரலில் ஓர் ஆணின் கனைப்பு. பகலில் அதே அப்பத்தா களையெடுக்கப் போவார், அதற்குத் தனிக்கூலி. எப்போது தூங்குவார் என்று கேட்டேன். அத்தை யோசித்துவிட்டு, தெரியவில்லை, பார்த்ததில்லை என்றார்.

தோட்டக்காரருக்கு இது தெரியுமா? தெரியாமல் எப்படி இருக்கும். விடியும்போது தானியத்தை அளந்து போடுபவர்கள் யார் முந்தானையில் போடுகிறோம் என்று பார்த்துத்தானே போட்டிருப்பார்கள். சாவடியில் படுக்க வேண்டிய ஓர் ஆளை ராத்திரிக் காவலுக்கு வைத்தால் யார் வருவார் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். ஒரு கூலிக்கு இரண்டு பேர். ஒருவர் பெயரைக் கொடுப்பார், இன்னொருவர் உடம்பைக் கொடுப்பார். தாத்தாவுக்குக் கிடைத்த விசித்திரமான வேலையின் விளக்கத்தில் பாதி துப்புக்கூலியில் இருக்கிறது என்றால், மீதி இங்கே இருக்கிறது.

ஒன்றை மட்டும் அத்தை சொல்லவில்லை. ஆண்கள் எல்லோரும் சாவடிக்குப் போய்விட்ட ஊரில், ராத்திரியில் பெண்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்டேன். போலீஸ்காரர்கள் ஊருக்குள் வருவார்களா என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். மூன்று முறை வேறுவேறு விதமாகக் கேட்டேன், மூன்று முறையும் மாற்றினார். நான்காவது முறை கேட்கவில்லை. தோட்டத்துப் பரண் ஊரைவிட்டு ஒரு மைல் தள்ளி இருந்தது என்பதை மட்டும், கேட்காமலே, திரும்பத் திரும்பச் சொன்னார்.

காப்பகத்தில் தாத்தாவைத் தேடுவது கடினமில்லை. ரேகைப் பதிவேடு, நடத்தைப் பதிவேடு, தீர்ப்பு நகல் என்று அரசு அவரைக் குற்றவாளியாக்குவதற்காகவே நிறைய எழுதியது. சட்டத்தில் ஆண் பெண் பேதம் இல்லை. கொறவர்களை அடைத்த குடியேற்றங்களில் குடும்பத்தோடுதான் அடைத்தார்கள். எங்கள் பகுதியில் ஆண்களைப் பதிந்தால் போதும் என்று நின்றுகொண்டார்கள். பெண்களுக்கு அது ஒரு விதத்தில் தப்பிப்பு. இன்னொரு விதத்தில், அவர்கள் ராத்திரியில் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று எழுத யாருக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. அப்பத்தா தப்பிப் போயிருக்கவும் முடியும். அறுத்துக்கட்டும் வழக்கம் எங்கள் சாதியில் அன்று சாதாரணம். புருஷன் ஜெயிலுக்குப் போன ஆறு மாதத்தில் போய்விட்ட பெண்கள் உண்டு. இவர் போகவில்லை. தியாகம் என்று இதற்குப் பெயர் சூட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் ஏன் போகவில்லை என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

சட்டத்தை எதிர்த்தவர்களின் நினைவிலும் இதே கதைதான். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அதில் ஒரே பெண் மாயக்காள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று சொல்வார்கள். ஏப்ரல் மாதம் ஒட்டப்படும் சுவரொட்டிகளில் மீசைகள்தான் பெரிதாக இருக்கும். மாயக்காள் பெயர் பட்டியலில் வரும், தண்ணீரோடு வரும். அவரும் மறுக்கத்தான் வந்தாரா என்ற கேள்வி வராது.

எங்கள் ஊர்ப் பெண்கள் நாட்டுக்குத் தெரியவந்தது வேறொரு சமயத்தில். 1986-இல் இந்தியா டுடே உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலையைப் பற்றி எழுதியது. பிறகு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம், 1994-இல் ‘கருத்தம்மா’ படம். கொலைகள் நடந்தன, அதை மறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரே வட்டாரத்தின்மேல் ஒரு நூற்றாண்டுக்குள் இரண்டு முறை குற்ற முத்திரை விழுந்ததை நான் கவனிக்காமல் இருக்க முடியாது. முதல் முறை எங்கள் ஆண்கள் பிறவித் திருடர்கள். இரண்டாவது முறை எங்கள் பெண்கள் குழந்தை கொல்லிகள். கல்லூரி விடுதியில் என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் ஒரு பெண் கேட்ட முதல் கேள்வி, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பது. வரதட்சணை வாங்கிய மாப்பிள்ளைகளின் ரேகையை எந்தப் பதிவேடும் கேட்கவில்லை.

சிட்டைக்குத் திரும்புகிறேன். 1947-இல் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் ரத்தானது. நாடு முழுவதற்குமான ரத்து 1952-இல் வந்தது. எங்கள் ஊரில் சாவடிப் படுக்கை முடிந்த நாளைக் கிடா வெட்டிக் கொண்டாடியதாக அத்தைக்கு நினைவிருக்கிறது. தோட்டக்காரர் வீட்டுச் சிட்டையிலும் அந்த மாற்றம் தெரிகிறது. சர்வசித்து வருஷத்தின் பாதியில் காவல் கூலிக்கு எதிரே இருந்த அந்த இரண்டு சொற்கள் காணாமல் போகின்றன. தாத்தாவின் பெயர், சோளம் இரண்டு மரக்கால், அதோடு சரி. அடுத்த சர்வதாரி வருஷத்திலும் அப்படியே. ஐப்பசியில் வேட்டி 1, துண்டு 1.

இனிமேல் தாத்தாவே காவலுக்குப் போனாரா என்று அத்தையிடம் கேட்டேன்.

“போனாரு. போயி களத்துல படுத்துக்கிருவாரு. பதினஞ்சு வருசமா ராத்திரியில படுத்தே பழகிட்டாருல்ல? ஆத்தா பரண்ல இருக்கும்.”

கூலியை யார் வாங்கிவந்தார் என்றும் கேட்டேன். தாத்தாதான், இப்போது விடியும்போது அவர் அங்கே இருந்தாரே என்றார்.